இடது காலுக்கு ஒரு வேலை

காலை 6.10. ஊரப்பாக்கத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, செங்கல்பட்டில் மஞ்சுளாவின் வீட்டு வாசலில் என் வண்டியை நிறுத்தினேன். அங்கே ஏற்கெனவே இரண்டு கார்கள் நின்றிருந்தன. ஒன்று அவளுடைய சிவப்புக் கார். கிளட்சும் ஐந்து கியரும் உள்ளது. மற்றது, ஒரு நாள் ஓட்டிப் பார்க்கும்படி அவள் மகன் கொண்டுவந்து விட்டிருந்த வெள்ளை ஆட்டோமேட்டிக். ஐந்து மாதங்களுக்கு முன் மஞ்சுளாவின் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆயினும் கிளட்சை மிதிக்க அவளுக்கு அச்சம். வெள்ளைக் கார் பிடித்துவிட்டால், மறுநாள் ஒருவர் வந்து சிவப்புக் காரை வாங்கிப் போவதாக ஏற்பாடு.

மஞ்சுளா இரண்டு டிப்பர் லாரிகளை வைத்துத் தொழில் நடத்துபவள். நான் கல்லூரி நூலகர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஒரே வாரம் சேர்ந்தோம். அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை மாமல்லபுரம் போகிறோம்; அறுவை சிகிச்சைக்குப் பின் இதுதான் முதல் முறை. கடலைவிட, மூன்றாம் கியரில் எஞ்சினின் குரல் தடித்து எழும் அந்த நேரத்துக்காகவே போகிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

6.30. வெள்ளைக் கார் ஓசையின்றி நகர்ந்தது. ஏரிக்கரைகளில் பனி இன்னும் கலையவில்லை. மஞ்சுளா இடது காலை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சோபால குந்திகினு டிவி பாக்கற மாரி கீது."

"சோபா வேகமாத்தான் போகுது."

"அது போவுதுடி. நானா ஓட்டறேன்?"

7.00. பதினான்கு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம். கடைவீதியில் முன்னால் போன சைக்கிள் ஒன்று தயங்கியது. இரண்டாம் கியருக்கு இறங்கும் பழக்கத்தில் மஞ்சுளாவின் இடது கால், அங்கே இல்லாத கிளட்சை முழு வலுவோடு மிதித்தது. அங்கே இருந்தது அகலமான பிரேக். கார் சட்டென்று குலுங்கி நின்றது. என் மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. பின்னால் ஒரு சாண் இடைவெளியில் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"இன்னாக்கா, நட்ட நடு ரோட்ல கோலமா போடப்போற?"

"ஆமா, எறங்கி வந்து புள்ளி வையி!"

பதில் துணிவாகவே வந்தது, ஆனாலும் மஞ்சுளா மேலே போகவில்லை. தேநீர்க் கடையோரம் காரை ஒதுக்கினாள். தேநீர் பதினைந்து ரூபாய். அவளாகப் பேசட்டும் என்று காத்திருந்தேன். பாதித் தேநீரில் அவள் தன் முழங்காலைக் குனிந்து பார்த்தாள். படிகளில் கண்ணாடிப் பாத்திரம் போல அவள் இறக்கி வைத்துக்கொண்டிருந்த கால் அது.

"வசந்தி, அம்மாம் பலமா மிதிச்சேனே. வலிக்கலடி."

"நெஜமா?"

"சத்தியமா வலிக்கல. ஏறு, வூட்டுக்குப் போலாம்."

8.00. மீண்டும் செங்கல்பட்டு. சிவப்புக் காரில் ஏறினோம். முதல் முயற்சியில் எஞ்சின் இருமி அணைந்தது.

"வாயத் தொறந்த, எறக்கி விட்ருவேன்," என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் முயற்சியில் வண்டி குலுங்காமல் நகர்ந்தது.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிச் சாலை நீண்டு கிடந்தது. எதிரே எவரும் இல்லை. இரண்டு, பிறகு மூன்று. எஞ்சினின் குரல் எழுந்தது. அதை உச்சம்வரை பாடவிட்டு நான்காம் கியரில் தணித்தாள். வேகமுள் எண்பதில் நிலைத்தது.

9.05. மாமல்லபுரம். கடற்கரையில் இளநீர் அறுபது ரூபாய். மகன் கைப்பேசியில் அழைத்தான்.

"ஆட்டோமேட்டிக் எப்டிம்மா கீது?"

"சூப்பரா கீதுடா. நீயே வச்சிக்கோ."

"நாளைக்கு செவப்பு வண்டிக்கு ஆள் வராரேம்மா!"

"வண்டி ஊர் சுத்தப் போயிருச்சுன்னு சொல்லு."

10.30. திரும்பும்போது நான் ஓட்டுவது எங்கள் வழக்கம். வழக்கப்படி மஞ்சுளா சாவியை என்னிடம் நீட்டினாள். நான் பற்றிய பிறகும் அவள் விரல்கள் அதை விடவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டு, சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறி அமர்ந்தேன்.