கப்பலுக்குப் போன துன்னூறு

என் தங்கச்சி கடல் தண்ணியில இரும்பு தேடுறா. யார் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்வேன். வட்டகொடைக்குக் கிட்ட எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல இதக் கேட்டுச் சிரிக்காத ஆளே இல்ல. "ஏன், தலவாக்கலையில இரும்புக் கடை இல்லையா?"ன்னு கேப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

அம்மா போனப்புறம் அவள வளத்தது நான்தான். தாய்மாருங்க கொழுந்து பறிக்கப் போனா அவங்க கைக்கொழந்தைங்களப் பாத்துக்கிற புள்ளக் காம்பராவுல எனக்கு வேல. அவ கெமிஸ்ட்ரி படிச்சு, வெளிநாட்டுக்குப் போயி, இப்ப ஆராய்ச்சிக் கப்பல்ல இருக்கா. சின்னதுல ஆத்துல கால் வைக்கவே பயந்த கழுத.

கப்பல் ஏறுறதுக்கு முந்தி அவளுக்கு ஒரு பார்சல் அனுப்புனேன். தேயிலத் தூளு, மொளகாத் தூளு, அதோட நம்ம மாரியம்மன் கோயில் துன்னூறு. விடியக்காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போறதுன்னாலும் சாமி படத்துக்கு முன்னால நின்னு ஒரு கீத்து பூசிட்டுத்தான் நாங்க படி எறங்குறது. "வெறும் நெத்தியோட வேலைக்குப் போயிடாத"ன்னு படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தேன். மத்த எதுக்கும் என் பேச்சக் கேக்காதவ, இதுக்கு மட்டும் கேட்டுட்டா.

ஒரு நாள் போன் வந்துச்சு. "அக்கா, உன் துன்னூறு என் வேலையக் கெடுத்துடுச்சு"ன்னு சிரிச்சா. அவங்க கடலுக்கு அடியில இருந்து தண்ணி எடுத்து, அதுல இரும்பு, துத்தநாகம் எல்லாம் எவ்வளவு இருக்குன்னு பாக்கிறாங்களாம். இருக்கிறதே அவ்வளவு கொஞ்சம். அதனால அந்த அறையில மோதிரம் கூடாது, தோடு கூடாது, பவுடர் கூடாது. இவ தொப்பிக்குள்ள நெத்தியில பூசியிருந்த துன்னூறு எப்படியோ உதுந்து, அதுல இருக்கிற இரும்பும் கலந்து, அன்னைக்கு எடுத்த தண்ணி பூரா பாழ். கப்பல் அந்த எடத்த விட்டு நகந்தாச்சு, திரும்பிப் போக முடியாதாம்.

எனக்கு வந்துச்சே கோவம்! "அம்மன் துன்னூறு உங்களுக்கு அழுக்காப் போச்சாடி?"

"அழுக்கு இல்லக்கா. அந்தக் கடலுக்கு அது ரொம்ப சத்து." பொறுமையாச் சொன்னா. அங்க தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பச்சப் பாசிங்க இருக்காம். காத்துல இருக்கிற கரிய இழுத்துத்தான் அதுங்க வளருமாம். அதுக்குத் துளி இரும்பு வேணும், இல்லாட்டி வளராது. "நம்ம தேயிலைக்கு சிங்க் அடிக்கிறாங்கள்ல, அது மாதிரி"ன்னா. அப்புறம்தான் எனக்கு வெளங்குச்சு. அதுங்க செத்தா சருகு மாதிரி ஆழத்துக்கு எறங்குமாம். அங்க மக்கி, கரி, இரும்பு எல்லாம் மறுபடி தண்ணியில கரைஞ்சிடுமாம்.

"அந்தத் தண்ணி திரும்ப மேல வருமா?"

"வரும்க்கா. சில எடத்துல ஆயிரம் வருஷம்கூட ஆகும்."

"அடியாத்தி!"

அன்னைக்குச் சோறு எறங்கல. துன்னூறுக்காக இல்ல. இனிமே அவ வெறும் நெத்தியோடதான் வேலைக்குப் போவா, அதப் பாத்துத் திட்டக்கூட அங்க யாரும் இல்லையேன்னு இருந்துச்சு. புள்ளக் காம்பராவுல சாயங்காலம் தாய்மாருங்க ஒவ்வொருத்தரா வந்து புள்ளைய வாங்கிட்டுப் போவாங்க. கடைசிப் புள்ளையும் போனப்புறம் தொட்டில் துணியெல்லாம் மடிச்சு வைக்கிறப்ப அவ நெனப்பு வந்துரும். இப்பவும் அப்படித்தான்.

போன மாசம் கப்பல் கரைக்கு வந்துச்சு. இன்னொரு பயணத்துக்குக் கூப்பிடுறாங்கன்னு போன்ல சொன்னா. பழையபடி ரெண்டு வருஷத்து வேல. "நீ வான்னு சொன்னா வந்துடுறேன்க்கா."

எப்பவும் நான் என்ன சொல்வேன்? படிப்பப் பாரு, வேலையப் பாரு, எனக்கென்ன குறை, நான் நல்லா இருக்கேன். கப்பல் ஏறுறப்பவும் அதத்தான் சொன்னேன். இந்தத் தடவ வாயில வரல.

"வந்துடுடி. போதும். நீ இல்லாம எனக்கு முடியல."

அவ மூக்க உறிஞ்சுறது கேட்டுச்சு. அப்புறம், "அந்தப் பயணத்துக்கு நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா"ன்னா.

"அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி என்னையக் கேட்ட?"

"ஒரு தடவையாவது நீ என்னைய வான்னு கூப்பிடணும் போல இருந்துச்சு."