அடிக்காத மாப்பிள்ளையும் அடித்த கொத்தும்

கொத்து ரொட்டி போடுகிறவனுக்குக் கை இரண்டும் இருந்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். காது இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வர வழி இருந்தால் இந்தத் தொழில் இன்னும் சுகமாக இருக்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற என் இனத்தவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கு வீட்டில் சண்டை என்றாலும், ரயில் பிந்தினாலும், மழை வந்தாலும் பேச்சு வாங்குவது நாங்கள்தான். நான் ஒரு கோடை முழுவதும் பேச்சு வாங்கியது, எனக்குச் சொந்தமும் இல்லாத, சிநேகிதமும் இல்லாத ஒரு பேஸ்போல் ஆட்டக்காரனுக்காக.

மேற்கு சிட்னியில் உள்ள ஒரு பேஸ்போல் மைதானத்தில் எங்கள் கடை. சொசேஜ் கடை ஒன்று, சிப்ஸ் கடை ஒன்று, மூன்றாவதாக எங்கள் கொத்துக் கடை. அடிப்பது நான், காசு வாங்கிக் கதை கொடுப்பது என் மனைவி வதனி. சீசன் தொடங்கும் முன்னரே மைதான மனேஜர் கிரெய்க் சொல்லிவிட்டார்: அடுத்த வருஷம் இரண்டு கடைக்குத்தான் இடம், கடைசியாக வந்த நாங்கள்தான் போக வேண்டியிருக்கும், ஆனால் எங்கள் டீம் ஃபைனலுக்குப் போனால் சனம் கூடும், மூன்று கடையையும் வைத்துக்கொள்ளலாம். "கவலைப்படாதே, அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய அடிக்காரனை எடுக்கிறோம்" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, செவன் ஹில்ஸ் வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த நிரந்தர வேலையை விட்டேன்.

பெயர் வந்த விதம்

ஒரு கிளப்போடு ஒப்பந்தம் முடிந்து, யார் நல்ல விலை கொடுக்கிறார்களோ அவர்களிடம் போகச் சுதந்திரம் உள்ள ஆட்டக்காரரை ஃப்ரீ ஏஜன்ட் என்கிறார்கள். வந்தவர் அப்படிப்பட்டவர். அவருக்கு வீடு கொடுத்தார்கள், கார் கொடுத்தார்கள், ரயில் நிலையத்தில் ஆளுயரப் படம் வைத்தார்கள். முதல் நாள் அவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்க, கிளப் தலைவர் ஓடிப்போய் அவருடைய பையைத் தூக்கினார். பத்து வருஷமாக அந்த டீமுக்கு ஓடி ஓடி விளையாடிய உள்ளூர்ப் பையன்கள் ஓரமாக நின்று கை தட்டினார்கள்.

வதனி வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் பார்த்தாள். அவளுடைய மூன்று அக்காமாரின் கலியாணத்தையும் பார்த்த கண் அது. அன்றிலிருந்து எங்கள் கடையில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. "இஞ்சேருங்கோ, இது ஆட்டக்காரன் இல்லை. சீதனம் குடுத்து எடுத்த மாப்பிள்ளை. வேலை செய்வார் எண்டு நம்பாதையுங்கோ."

முதல் அடி

எங்கள் கடைக்குப் பக்கத்து வரிசையில் எப்போதும் உட்காருகிறவர் பாரி என்ற வெள்ளைக்காரக் கிழவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஒரு ஆட்டமும் தவறவிடமாட்டார். இரண்டு தகட்டையும் வைத்து நான் இரும்புக் கல்லில் கொத்தும் சத்தம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை முதல் தடவை மட்டையோடு இறங்கும்போது, "மேட், இவனுக்கு அதைப் போடு" என்றார். நானும் உற்சாகத்தில் டகடக டகடக என்று போட்டேன். சனம் அந்தத் தாளத்துக்குக் கை தட்டியது. எனக்குப் புல்லரித்தது, மறைக்கத் தேவையில்லை.

பேஸ்போலில் வருகிற பந்தை மூன்று தடவை தவறவிட்டால் ஆள் வெளியே. மாப்பிள்ளை மூன்று தடவையும் காற்றைத்தான் அடித்தார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை மட்டையைத் தூக்கவே இல்லை, பந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். டூங்காபியிலிருந்து வருகிற ரவி, கொத்துப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு மைதானத்தை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தான். "இந்தக் கிரவுண்டிலை அடிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் அண்ணை."

நூற்றிருபது

நாலைந்து வாரம் போயும் நிலைமை மாறவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் திட்டினார்கள், அதுவும் நான்தான் அவரை அமெரிக்காவில் தேடிப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல என் முகத்தைப் பார்த்தே திட்டினார்கள். அப்போதுதான் ஹோம்புஷிலிருந்து செந்தில் என்று ஒரு தம்பி முதல் தடவையாக வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, கிரிக்கெட்டில் ஊறியவர், பேஸ்போல் பார்த்ததில்லை. பெரிய திரையில் மாப்பிள்ளையின் படமும் அதன் கீழே சராசரியும் வந்தன. எண்ணுக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தது. அந்தத் திரையில் புள்ளி தெரிய வேண்டுமென்றால் கண் வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

பேஸ்போலில் பத்துத் தடவை இறங்கி மூன்று தடவை ஒழுங்காக அடித்தாலே கெட்டிக்காரன் என்பார்கள். எங்கள் ஆள் பத்துக்கு ஒன்றைத் தாண்டித் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லி விளங்கப்படுத்த நான் வாயெடுத்தேன், பின்னால் வரிசை நீண்டிருந்ததால் விட்டுவிட்டேன். செந்திலுக்கு நியாயமான கோபம். சுற்றியிருந்த எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "நூத்திருபது ஆவரேஜ் வச்சிருக்கிறவனையா அண்ணே திட்டறீங்க? எங்க ஊரா இருந்தா கோயில் கட்டியிருப்பாங்க."

மெனுவில் ஒரு பெயர்

சீசன் தொடக்கத்தில் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தேன். இரண்டு முட்டை, இரட்டிப்பு இறைச்சி போட்ட கொத்துக்கு அவருடைய பெயரை வைத்துப் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தேன். முதல் இரண்டு வாரம் அதுதான் பறந்தது. பிறகு, அதைக் கேட்டு வாங்குகிற மனுஷரைப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவன், "இதைச் சாப்பிட்டால் நானும் பந்தைக் காணமாட்டேனோ" என்று கேட்டுவிட்டுச் சொசேஜ் கடைக்குப் போனான்.

வெஸ்ட்மீட் பக்கத்தில் நர்சாக இருந்து ஓய்வுபெற்ற புஷ்பம் அன்ரி பேரப்பிள்ளைகளோடு வருவார். மரியாதையான மனுஷி, யாரையும் குறை சொல்லமாட்டார். பலகையை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். பிறகு கவுண்டரில் சாய்ந்து, பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அதே சாமானைத் தாரும். அந்தப் பேரைச் சொல்லி மட்டும் கூப்பிடாதையும்."

சட்டை

ஒரு பெடியன், எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், மாப்பிள்ளையின் பெயர் முதுகில் அச்சடித்த சட்டையை முதல் வாரமே வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தவன். ஒரு நாள் குழம்பு கவுண்டரில் ஊற்றுண்டுவிட்டது. நான் துணி எடுக்கத் திரும்பும் முன்னரே அவன் பைக்குள்ளிருந்து அந்தச் சட்டையை எடுத்து, பெயர் இருக்கிற பக்கத்தால் அழுத்தித் துடைத்தான். முகத்தில் சிரிப்பே இல்லை. "அட் லீஸ்ட் இட் வைப்ஸ் வெல், அங்கிள்."

ராசி

ராசி பார்ப்பது எங்கள் ஆட்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை பாரி இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொத்துச் சத்தத்தைப் போடச் சொல்லிக் கேட்ட அதே பாரி. அந்தச் சத்தம் தொடங்கிய நாளிலிருந்துதான் அவன் அடிக்கவில்லையாம். அமெரிக்காவில் அடித்தவன் இங்கே ஏன் அடிக்கவில்லை, அங்கே கொத்துக் கடை இல்லையே என்று கணக்கு முடித்துவிட்டார்கள். இனி அவன் இறங்கும்போது நான் கல்லைத் தொடக்கூடாது.

வாடிக்கையாளர் சொன்னால் கேட்க வேண்டும். மாப்பிள்ளை மட்டையைத் தூக்கும்போதெல்லாம் நான் இரண்டு தகட்டையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றேன். கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. பசியோடு நின்ற சனம் சிப்ஸ் கடைக்கு நகர்ந்தது. அவரோ சத்தம் இருந்தபோது எப்படித் தவறவிட்டாரோ அப்படியேதான் சத்தம் இல்லாதபோதும் தவறவிட்டார். ஒரு நாள் கிரெய்க் வந்து கருகலையும் பார்த்தார், ஆளில்லாத வரிசையையும் பார்த்தார், திரும்பிப் போனார். நிரந்தர வேலையை விட்டு வந்தவனின் கடையை மூடுவது கருகிய ரொட்டியும் இல்லை, கொத்தும் இல்லை, யாரோ ஒருத்தன் அடிக்காத பந்து. வதனி கருகியதைச் சுரண்டிக் குப்பையில் கொட்டினாள். "மாப்பிள்ளை வேலைக்குப் போகாததுக்கு நாங்கள் ஏனப்பா பட்டினி கிடக்கவேணும்?"

அவரே வந்தார்

ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருந்தது. வெயிலில் ஒருவரும் இல்லை. சாதாரண ரீசேர்ட் சட்டை போட்ட ஒருவர் கவுண்டருக்கு வந்து கொத்து ஒன்று கேட்டார். கறுப்புக் கண்ணாடி இல்லாததால் முதலில் ஆளை அடையாளம் மட்டுப்படவில்லை. படத்தில் ஆளுயரமாக நின்றவர் நேரில் தூக்கமில்லாத கண்ணோடு நின்றார். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல காலம், அவருடைய பெயரை முந்தின கிழமைதான் அழித்திருந்தேன். ஆனால் சிவப்பு மை முழுவதும் போகவில்லை. அவர் அதை வாசித்தார் என்று நினைக்கிறேன்.

நான் அடிக்க அடிக்க அவர் கையைக் கட்டிக்கொண்டு தகடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் இறங்கும்போது நான் ஏன் இதை நிறுத்திவிட்டேன் என்று கேட்டார். சனம் நிறுத்தச் சொன்னது என்றேன். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "இந்த மைதானத்தில் என்னைத் திட்டாத சத்தம் அது ஒன்றுதான்."

ட்ருகனினாவிலிருந்து ஒரு போன் கோல்

அடுத்த கிழமையே அவரை டீமை விட்டு அனுப்பிவிட்டார்கள். ரயில் நிலையத்துப் படத்தைக் கிழித்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. மெல்பேர்ன் டீம் அவரை எடுத்தது என்று கேட்டு எங்கள் வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிலிருந்து மூன்றாம் கிழமை வதனியின் தம்பி மெல்பேர்ன் பக்கத்து ட்ருகனினாவிலிருந்து போன் எடுத்தான். அவனுக்கு பேஸ்போலில் ஒரு அக்கறையும் இல்லை, என்னை நோகடிப்பதில் மட்டும் நல்ல அக்கறை. "அத்தான், நீங்கள் கலைச்சு விட்ட மாப்பிள்ளை இஞ்சை நல்லா உழைக்கிறார்."

கடைசி ஆட்டம்

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், மெல்பேர்னோடு. வென்றால் நாங்கள் ஃபைனலுக்கு, மூன்று கடைக்கும் இடம். தோற்றால் எங்கள் கதை முடிந்தது. கடைசிக் கட்டம் வரை ஒரு ஓட்டத்தால் நாங்கள்தான் முன்னால். மெல்பேர்ன் ஆள் ஒருத்தன் ஓடக் காத்துப் பேஸில் நிற்க, மாப்பிள்ளை மட்டையோடு இறங்கினார். உடனே பாரி எழும்பி என் பக்கம் திரும்பினார். "மேட், இப்போது போடு! அவனுக்கு ராசியில்லாத சத்தத்தைப் போடு!" வரிசை வரிசையாக எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார்கள். வாசலில் நின்ற கிரெய்க்கும் கையைக் காட்டி, போடு போடு என்றார்.

அவருக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று அந்த மைதானத்தில் தெரிந்தவன் நான் ஒருவன். வதனியைப் பார்த்தேன். அவள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அது அவருக்குப் பிடித்த சத்தம் என்று சனத்திடம் சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் முதலில் போடு என்றவர்கள், பிறகு நிறுத்து என்றவர்கள், இப்போது திரும்பவும் போடு என்கிறார்கள். ஒரு தடவையாவது உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்களா? என் அடுத்த வருஷச் சோறு அந்தக் கல்லில் கிடக்கிறது என்று தெரிந்துதான் தகடுகளை எடுத்தேன். வஞ்சகமில்லாமல், என் கையில் இருந்த முழுப் பலத்தோடும் அடித்தேன்.

இரண்டாவது பந்து. மட்டையில் பட்ட சத்தம் என் தகட்டுச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. பந்து வேலியைத் தாண்டி, கார் நிற்கும் இடத்தையும் தாண்டிப் போனது, அவர்களுக்கு இரண்டு ஓட்டம். மாப்பிள்ளை அவசரமில்லாமல் சுற்றி ஓடி வந்தார், எங்கள் கடைப் பக்கம் வரும்போது தொப்பியை ஒருமுறை தொட்டார். கடைசியாக இறங்கிய எங்கள் பையன்கள் ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை, தோற்றோம். சனம் அவரைத் திட்டவில்லை, என்னைத் திட்டியது. எல்லாரும் போன பிறகு கிரெய்க் வந்தார். கல்லில் மிச்சமிருந்த கொத்தை நின்றபடியே சாப்பிட்டார், நல்ல ருசி என்றார், அடுத்த வருஷம் எங்களுக்கு இடமில்லை என்றார். காரணம் கேட்டேன். "சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. உன் சத்தம்தான் எங்களுக்கு ராசியில்லை."

செவன் ஹில்ஸ் வெயர்ஹவுஸில் திரும்பவும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், இந்த முறை நிரந்தரமில்லை, ஆனால் இங்கே பின்னுக்கு எடுக்கும்போது வண்டி தானாகவே சத்தம் போடுகிறது, அதைப் போடு என்றோ நிறுத்து என்றோ என்னிடம் ஒருவரும் வருவதில்லை.