மடிப்பக்காவின் மலை விடுமுறை

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மடிப்பக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். பஸ் டிக்கெட்டைக்கூட நாலாக மடித்து, ஓரத்தை நகத்தால் தேய்த்துத்தான் பைக்குள் போடுவாள். நான் அவளுக்கு எதிரே நிற்பவள். உருளை இஸ்திரிக்குள் ஈரப் போர்வையைக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை அவள் கையில், மறு முனை என் கையில். பன்னிரண்டு வருடம் இப்படி முகத்துக்கு முகம் பார்த்து நின்றால், ஒருத்தி வீட்டில் பால் திரிந்தது வரைக்கும் இன்னொருத்திக்குத் தெரிந்துவிடும். அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. துணியை நனைக்கும் முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் துழாவ வேண்டும். கிடைப்பது கடிதமோ சீட்டோ, படிக்காமல் உறையில் போட்டு எண் எழுதி வைக்க வேண்டும். எங்களில் பாதிப் பேர் ஓரக்கண்ணால் படித்துவிடுவோம், பொய் சொல்வானேன். அக்கா படிக்க மாட்டாள். வீட்டிலும் அதே சட்டம்தான். புருஷன் போனை அவள் தொட்டதே இல்லை. "அடுத்தவங்க பைக்குள்ள இருக்கறதுல நமக்கென்ன வேலை?" என்பாள். என்னைக் கேட்டால், அந்த மனுஷன் இத்தனை நாள் நிம்மதியாக இருந்ததற்கு இந்தச் சட்டம்தான் காரணம்.

அவளுக்கு ஒரே மகள். மூன்று வருடத்துக்கு முன், அக்கா மேலதிகாரி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆஸ்பத்திரி அலுவலகத்தில் அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். இரண்டே மாதம். "எனக்கு ரொட்டி சுடத்தாம்மா பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, வேறு ஊரில் ஒரு பேக்கரியில் சேரக் கிளம்பிவிட்டாள் அந்தப் பெண். ஆத்திரம் அக்காவின் கண்ணை மறைத்துவிட்டது. "இனிமே எனக்குப் பொண்ணே இல்ல, இந்த வாசப்படி ஏறாத" என்று கத்தினாள். சாயங்காலமே மனசு கேட்காமல் போன் செய்தாள். மகள் எடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த நம்பரே இல்லை.

புருஷன் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருப்பவர். அதிர்ந்து பேசாத ஆள். "நான் விசாரிச்சுட்டேன். அம்மா பேர எடுத்தாலே வேண்டாங்கறாளாம். கொஞ்சம் ஆறட்டும்" என்றார். ஒரு தடவை அக்கா பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியே விட்டாள். அவர் வாசலில் வந்து நின்றுகொண்டு, "வாசல்லயே உன்னத் திருப்பி அனுப்பிடுவா, அத என்னால பாக்க முடியாது" என்றார். அக்கா பையை இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு தினம் ராத்திரி கதவைத் தாழ் போட்டதும், "அவகிட்டருந்து ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்பாள். அவர் "இல்ல" என்பார். மூன்று வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

எங்கள் ஊழியர் சங்கத்துக்கு மலைமேல் ஒரு மரவீடு இருக்கிறது. முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம். பள்ளிக்கூடம் திறந்த பிறகு வருகிற கோடைக் கடைசி வாரத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். அது அக்கா தலையில் விழுந்தது. வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடத்தில் அவள் எடுத்த முதல் விடுமுறை. புருஷனும் அவளுமாகக் கிளம்பிப் போனார்கள்.

திரும்பி வந்ததும் முதலில் என்னிடம் சொன்னது அங்கே கிடைத்த சந்தோஷங்களைத்தான். கழுவுவதற்கு இரண்டே தட்டு. பல் கூசுகிற குழாய்த் தண்ணீர். பின்வாசலில் பத்து மணிக்கு விழுகிற வெயில் பதினொன்றுக்குள் சுவரோரம் நகர்ந்துவிடும். இவளும் நாற்காலியை இழுத்துக்கொண்டே அதன் பின்னால் போயிருக்கிறாள். வேலியோரத்தில் கறுப்பாகச் சின்னச் சின்னக் காட்டுப் பழங்கள். பறிக்கப் போனவள் பாதியை அங்கேயே தின்றுவிட்டு, சிவந்த நாக்கோடு திரும்பி வந்தாளாம். யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டி பாதி நிரப்பிக் கிடந்தது. மீதியை இவள் நிரப்பினாள். மத்தியானம் தூங்கினாள். எங்கள் மடிப்பக்கா, மத்தியானத்தில்! என்ன, முதல் நாள் படுக்கை விரிப்பைப் பார்த்துவிட்டு, "இத மடிச்சவங்களுக்குக் கை இருக்கா இல்லையா?" என்று நாலு தடவை உதறி விரித்தாளாம். அதெல்லாம் மலை ஏறினாலும் மாறாது.

எல்லாவற்றையும்விட அவள் உச்சி குளிர்ந்து போனது வேறொன்றில். இருபத்தாறு வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத புருஷன், அங்கே தினம் சாயங்காலம் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே கேட்டார். "பழக்கறை எப்படிப் போகும்?"

"துணிய இழுத்துப் பிடிச்சு, மேலருந்து கொதிக்கிற தண்ணிய ஊத்தணும்."

மறுநாள், "வெண்ணெய்?"

"தண்ணி படறதுக்கு முன்னாடி சோப்புத் தூளப் போட்டுத் தேய்க்கணும். என்னங்க, டயர விட்டுட்டு எங்க கூடத்துக்கு வரப் போறீங்களா?"

அவர் சிரித்திருக்கிறார். இவளுக்கு வாயெல்லாம் பல். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லியிருக்கிறாள். "எனக்குக் கல்யாணம் ஆன மாதிரியே அப்பத்தான்டி தோணுச்சு" என்றாள் என்னிடம்.

மரவீட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. மேலே அரை மணி ஏறினால் ஒரு பாறை, அங்கேதான் கிடைக்கும். தெருமுனைக் கடைக்கு நடக்கச் சொன்னால் முட்டி வலிக்கிற மனுஷன், அங்கே தினம் ஆறு மணிக்கு எழுந்து அந்தப் பாறைக்கு நடந்தார். "காத்து நல்லாருக்கு" என்றார். அக்காவுக்கு அதிலும் சந்தோஷம்.

ஐந்தாம் நாள் காலை குளிர் அதிகம். அவர் டீ குடிக்காமல் கிளம்பிவிட்டார். அக்கா பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். பாறையில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாகக் குடிக்கலாம் என்று ஆசை. கிட்டே போகும்போது பேச்சுக் குரல் கேட்டது. காற்று இரைச்சலில் காதுக்குள் விழவில்லையோ என்னவோ, அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"முட்டைக் கறைக்குப் பச்சத் தண்ணிதாம்மா. சுடுதண்ணி பட்டா வெந்து ஒட்டிக்குமாம்."

"அம்மா அப்படியேவா சொன்னாங்க?"

மூன்று வருடம் கழித்துக் கேட்கிற குரல். அக்கா பிளாஸ்கோடு அங்கேயே நின்று கேட்டாள்.

"அப்படியேதான்."

"நான் கேட்டேன்னு தெரியாதுல்ல? என் ஏப்ரனப் பாத்தா அம்மா வைய்வாங்கப்பா, அவ்ளோ கறை." அந்தப் பெண் சிரித்தாள். பிறகு மெதுவாக, "என்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?" என்றாள்.

"இல்லம்மா. உன் பேர எடுத்தாலே எழுந்து போயிடறா. நானும் சொல்லிட்டேதான் இருக்கேன். கொஞ்ச நாள் போகட்டும்."

முந்தின ராத்திரிகூட அக்கா கேட்டிருந்தாள். தாழ்ப்பாளில் கை இருக்கும்போதே கேட்டிருந்தாள்.

நானாக இருந்திருந்தால் பிளாஸ்கை அவர் தலையில் போட்டிருப்பேன். அக்கா அதைப் பாறைமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்துவிட்டார்.

"நான்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் அழுகை. "அம்மாவா? அம்மா, நிஜமாவா?" அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எப்படியோ அப்பா உங்களப் பேச வெச்சுட்டாரு. மூணு வருஷமா எனக்காக உங்ககிட்ட எவ்ளோ கெஞ்சியிருப்பாரு, பாவம். அவர் மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னே தெரியலம்மா."

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் கீழே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள். "அப்பாதான் பேச வெச்சாரு."

இறங்கி வரும் வழியில் அவராகவே வாயைத் திறந்தார். "சின்ன வயசுலருந்து அவ உன் பொண்ணு. காய்ச்சல்னாலும் உன்னத்தான் தேடுவா. நான் பள்ளிக்கூடச் சீட்டுல கையெழுத்துப் போடற ஆளு, அவ்வளவுதான். நீங்க சண்ட போட்ட அப்புறம்தான் அவ எனக்கு போன் பண்ணா. தினம் பண்ணா. எல்லாத்தையும் எங்கிட்டயே சொன்னா. விட மனசு வரல."

ஒருவிதத்தில் பார்த்தால் பாவப்பட்ட மனுஷன்தான். ஆனால் எனக்கு அவர்மேல் பாவம் வரவில்லை, வரவும் வராது. பச்சைத் துரோகம். இரண்டு பேரையும் பட்டினி போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து தான் மட்டும் சாப்பிட்டிருக்கிறார்.

மீதி இரண்டு நாளும் அவர் வெயில் விழுகிற இடத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார், பழம் பறித்துக் கழுவி வைத்தார். அக்கா உள்ளேயே படுத்திருந்தாள். இதைச் சொல்லும்போது மகளைப் பற்றிச் சொல்லி அழாதவள், சாயங்காலக் கேள்விகளைப் பற்றிச் சொல்லி அழுதாள். "எங்கிட்ட கேக்கறார்னு நெனச்சேன்டி. எனக்காகக் கேக்கறார்னு நெனச்சேன்."

இப்போது மகள் அக்கா போனுக்கே கூப்பிடுகிறாள், தினம் எங்கள் சாப்பாட்டு நேரத்தில். கறை, ரொட்டி, மழை என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். போன வாரம் நான் பக்கத்தில் இருந்தேன். குரல் வெளியே கேட்டது. "அப்பாவ நல்லாப் பாத்துக்கோங்கம்மா. அந்த மாதிரி ஆள் யாருக்குக் கிடைக்கும்?"

"ஆமா" என்றாள் அக்கா. வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா இப்படிப் பொத்திப் பொத்தி வெக்கறீங்க? போட்டு உடைச்சுடுங்க. அவர் லட்சணம் அவளுக்கும் தெரியட்டும்."

அவள் டப்பாவை மூடினாள்.

"மூணு வருஷம் அம்மா இல்லாம இருந்துட்டா அவ," என்றாள். "இப்ப நான் போயி அப்பாவும் இல்லாமப் பண்ணணுமா?"