கதவை வாசித்த வைரவன் அண்ணன்

வைரவன் அண்ணன் இன்று காலை தவறிவிட்டார். மாரடைப்பு... இன்னும் நம்ப முடியவில்லை.

காரைக்குடியில் ஒரு மரவாடி. அங்கே பில் போடும் மேஜையில் பதினோரு வருடம் என் எதிர் நாற்காலியில் இருந்தவர்.

தன்னை 'கம்போசர்' என்றுதான் சொல்லிக்கொள்வார். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. எந்தச் சத்தத்தை வைத்தும் இசை அமைக்கலாம் என்பது அவர் கட்சி.

ரம்பம் ஓடும்போது எழுந்து போய், "கொஞ்சம் மெதுவா அறுங்கப்பா, சுதி ஏறுது" என்பார். முதலாளி என்னைப் பார்ப்பார். நான் பில்லைப் பார்ப்பேன்.

ஒரு வருடம் மாவட்டக் கலைப் போட்டியில் 'புதுமை இசை' என்று ஒரு பிரிவு வைத்தார்கள். அண்ணனுக்கு ஒரு வாரம் தூக்கமே இல்லை.

கொத்தமங்கலத்தில் ஆள் இல்லாத ஒரு பெரிய வீடு. அதில் இருபத்தாறு கதவுகள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி கிறீச்சிடும். அதைப் பதிவு செய்ய மைக்கோடு என்னையும் கூட்டிப்போனார்.

ஒரு கதவுகூடச் சத்தம் போடவில்லை.

காவல்காரர் பெருமையாகச் சொன்னார்: "நீங்க வாரீகன்னு எல்லாத்துக்கும் எண்ணெய் விட்டு வச்சிருக்கேன்யா."

அண்ணன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். போட்டிக்கு இரண்டே நாள்...

மறுநாள் பழைய சாமான் கடையில் ஒரு கதவை நிலையோடு வாடகைக்கு எடுத்தார். போட்டியன்று டெம்போவில் ஏற்றி மேடைக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஏழு நிமிடம். அவர் திறந்தார், சாத்தினார், பாதி திறந்து நிறுத்தினார். நிலை சாயாமல் நான் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தில் ஒருவர், "உள்ள வாரீகளா இல்லையா, ஒரு முடிவு பண்ணுங்கய்யா" என்றார். அண்ணன் அசரவே இல்லை.

கீபோர்டு, டிரம்ஸ் என்று வந்த நான்கு பேரைத் தாண்டி ஃபர்ஸ்ட் பிரைஸ். ஒரு நடுவர் எழுந்து நின்று கைதட்டினார்... நிஜமாக.

வீட்டில் அவர் மனைவி சிவகாமி அக்கா கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவைச் சாத்துனதுக்கா குடுத்தாக? நான் தினமும்தான் சாத்துறேன்."

அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ வேகமா சாத்துற."

அதற்குப் பிறகு யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "மேடையில என்கூட வாசிச்சவரு" என்பார். நான் கூச்சப்பட்டு, "சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னேங்க" என்று மறுத்துவிடுவேன்.

இன்று அண்ணனுக்கு மாலை போடப் போனபோது, சிங்கம்புணரியிலிருந்து வந்திருந்த அவர் மச்சினர் கேட்டார்: "தம்பி யாரு?"

"அண்ணன்கூட வாசிச்சவன்" என்றேன்.

போய் வாருங்கள் அண்ணே...