இரண்டு மூட்டை மணல்

என் அக்கா புருஷனை பஸ் டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அரைச்சுத்து' என்றுதான் சொல்வார்கள். அடுத்தவன் முடுக்கிய போல்ட்டை, தானும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்க்காமல் எந்த பஸ்ஸையும் வெளியே விடமாட்டார். எப்படியும் அரைச்சுற்று பாக்கி இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர் ரிடையர் ஆகி, சொந்தக் காரில் எட்டு போல்ட்டைக் கையால் மட்டும் திருகி வைத்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குக் கோபம் வருமா வராதா?

கல்யாணமான புதிதில் அக்காவை ஏற்றிக்கொண்டு சுற்றிய கார் அது. பிறகு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று அக்கா விமானம் ஏறியதும், வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இவர் காரை அக்கக்காகப் பிரித்தார். அவள் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டுமாம். இன்ஜின் முடிந்தது, பெயிண்ட் முடிந்தது. சஸ்பென்ஷனில் அதிர்வைத் தாங்கும் புது ரப்பர் புஷ்களைப் போட்டார். அவற்றைப் பிடிக்கும் எட்டு போல்ட்டைக் கையால் திருகியதோடு நின்றது. அங்கே இரண்டாவது பேரனும் பிறந்து, ஆறு மாதம் மூன்று வருஷமாகிவிட்டது.

"எட்டு போல்ட்டுதானே மாமா, டைட் வெச்சுத் தொலைங்களேன்!"

"ஜாக்குல தொங்குறப்ப டைட் வெச்சா ரப்பர் அப்படியே பிடிச்சுக்கும், மாப்ளே. கீழ இறக்கினா முறுக்கிக்கிட்டே கிடந்து கிழிஞ்சிடும். கல்யாணமான புதுசுல நான் பண்ணின தப்பு அதுதான். போற வழியெல்லாம் கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம், உங்க அக்கா சிரிச்சுக்கிட்டே வந்தா. சக்கரம் தரையில நிக்கணும், உக்கார்றவங்க உக்காந்திருக்கணும். அப்பதான் முடுக்கணும்."

"நான் உக்கார்றேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ உக்காந்தா லாரி சஸ்பென்ஷன்தான் தாங்கும். அது அவ சீட்டுடா."

போன ஞாயிற்றுக்கிழமை என் இரும்புக்கடையில் வைத்துத்தான் அக்காவிடம் போனில், ஸ்பீக்கர் போட்டுப் பேசினார். சின்னவன் பள்ளிக்கூடம் சேரும்வரை வர முடியாது, இன்னும் இரண்டு வருஷம் என்றாள்.

"வண்டி எதுக்கு வீணா நிக்கணும்? மணல் மூட்டைய வெச்சு முடுக்கிடுங்க," என்றாள்.

"சரி. உன் எடை எவ்வளவு?"

"நாப்பத்தொம்பது."

"போறப்ப அம்பத்தெட்டு இருந்தியே?"

"இங்க ஆளுக்கொரு நேரத்துல சாப்பிடுறோம். தனியா உக்காந்தா எங்க இறங்குது? நீங்க?"

"எனக்கென்ன, அதே எழுபதுதான். நல்லா சாப்பிடுறேன்."

போனை வைத்ததும், நான் ஆணி எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, கடைத் தராசில் ஏறி நின்றார். முள் அறுபத்தொன்றில் நின்றது. இறங்கி, கடை வாசலில் கிடந்த மணலை அள்ள ஆரம்பித்தார். ஒரு மூட்டை நாற்பத்தொன்பது, இன்னொன்று அறுபத்தொன்று. இரண்டு வாய்களையும் அவரே கட்டினார்.

மூட்டைகளை ஷெட்டுக்குக் கொண்டுபோய், காரின் முன் சீட்டில் நான்தான் தூக்கி வைத்தேன். அவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். முதல் போல்ட் முடுக்கும் சத்தம் கேட்டது. மேலே பார்த்தேன். கண்ணாடி வழியாக இரண்டு மூட்டைகளும் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. கீழே அந்த மனுஷரின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. வெளியே போய் அக்காவுக்கு போன் போட்டேன்.

"மாமா பொய் சொல்றார்க்கா. அறுபத்தொண்ணுதான் இருக்கார். நானே தராசுல பார்த்தேன்."

பின்னால் குழந்தை அழுதது. அவள் சமாதானம் செய்யவில்லை.

"எத்தனை முடுக்கிட்டாரு?"

எட்டிப் பார்த்தேன். "ரெண்டு."

"நிறுத்தச் சொல்லு. பிள்ளைங்களை மக எப்படியாவது பார்த்துக்கட்டும். வர்ற மாசம் நான் வந்து உக்கார்றேன்."

உள்ளே வந்து குனிந்து, அக்கா சொன்னதை அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். கால் மட்டும் அசைந்தது. காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்பேனர் சத்தம் வந்தது. முடுக்கிய இரண்டு போல்ட்டையும் அவர் தளர்த்திக்கொண்டிருந்தார்.