மைக்கைத் தட்டிவிட்டு அவர் கேட்ட கேள்வி

வேலாயுதம் அண்ணன் இறந்துபோன செய்தி எனக்குக் கம்பெனியிடமிருந்துதான் வந்தது. என் எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது. ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில் மறுநாள் நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. மேலே கம்பெனியின் சின்னம், கீழே ஒரு தாமரைப் பூ, நடுவில் அண்ணன். 'எங்கள் நெடுநாள் நண்பருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது. நண்பராம்! அவர் மனைவி தனம் அக்கா உறவுக்காரர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் இவர்கள் படம் தயாரித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அதன்பின் அந்தப் படத்தை எனக்குப் பகிர்ந்த நண்பர்களே, உங்களில் பாதிப் பேர் அண்ணனை நன்றாக அறிந்தவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பீடோருக்குப் பக்கத்தில் துண்டு துண்டாக விற்கப்பட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டம்தான் அவர் ஊர். கூடாரம், நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். எனக்கு மேடையில் அறிவிப்பாளர் வேலை. கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று மலேசியாவின் பேராக் மாநிலம் முழுக்க இருவரும் சேர்ந்து அலைந்திருக்கிறோம். பேசுவது என் பொறுப்பு, சத்தம் அவர் பொறுப்பு.

ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இப்போது அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை நிற்கிறது. பாமாயிலைக் காய்ச்சி, சோப்புக்கும் ஷாம்புவுக்கும் வேண்டிய அமிலத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அதன் பின்சுவரிலிருந்து ஒரு குழாய் ஓடையில் இறங்குகிறது. நல்ல மழை பெய்தால் குழாய் திறக்கும். ஓடை நுரைத்துக்கொண்டு ஓடும். பழைய எண்ணெய் நாற்றத்தில் கண் எரியும், இறங்கிய பிள்ளைகளுக்குக் கால் தடிக்கும். கம்பெனியே ஆள் வைத்துத் தண்ணீரைச் சோதிக்கும், நன்றாக வெயில் காய்கிற நாளாகப் பார்த்து. எல்லாம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். "அனுமதிச்ச அளவாம்! யாரக் கேட்டு அனுமதிச்சாங்க? ஓடைக்குப் பக்கத்துல குடியிருக்கிற என்னை யாராச்சும் கேட்டாங்களா?" என்பார் அண்ணன்.

ஆனால் கம்பெனி கொடுக்கும். தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, பெரியவர்களுக்குக் கண் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விழா. விழா என்றால் மைக் வேண்டும், மைக் என்றால் அண்ணன். புத்தகப்பை விழாவில்தான் அது முதலில் நடந்தது. அண்ணன் மேடையேறி, வழக்கம்போல மைக்கை இரண்டு விரலால் தட்டினார். சத்து, டுவா, தீகா என்று மலாயில் ஒன்று இரண்டு மூன்று எண்ணினார். அதோடு இறங்க வேண்டியவர், "குழாய எப்ப அடைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு இறங்கினார்.

தமிழ் தெரியாத நிர்வாகி, பக்கத்திலிருந்த மக்கள் தொடர்பு அதிகாரி பிரவீனிடம் என்னவென்று விசாரித்தார். பிரவீன் நம் பிள்ளைதான், கமுந்திங்கில் வளர்ந்தவன். "உங்களை வரவேற்கிறார் சார்" என்று மலாயில் சொன்னான். நிர்வாகி மனம் குளிர்ந்து கைதட்டினார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதன்பின் ஒரு விழாவையும் அவர் விடவில்லை. எனக்கு உயிர் போகும். ஒருநாள் பிடித்துத் திட்டினேன்: "அண்ணே, ஒரு தடவையாவது சும்மா இருக்க மாட்டீங்களா? எனக்கும் பொழப்பு இருக்குலா!" அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நீ பேசு தங்கச்சி, நான் வேணாங்கல. மைக் வேலை செய்யுதான்னு பாக்கிறது என் வேலை. மைக் நல்லாத்தான் இருக்கு. கேக்குற காதுதான் ரிப்பேர்." இந்த ஆளிடம் என்ன பேசுவது?

தனம் அக்கா என்னைவிட மோசமாகத் திட்டுவார். "ஒங்க வாய் இருக்கே, அது வீடு தேடி வர்ற வேலையத் தொரத்திட்டுத்தான் அடங்கும்" என்பார். அப்படியேதான் ஆனது. கம்பெனி ஈப்போவிலிருந்து வேறு மைக் செட் வரவழைக்கத் தொடங்கியது. கண் பரிசோதனை முகாமில் மழை பிடித்து, அந்தப் புது மைக் செட் ஊமையாகிப் போனது. வேறு வழியில்லாமல் பிரவீன் அண்ணனைக் கூப்பிட்டான். நனைந்துகொண்டே வந்து எல்லாவற்றையும் மாட்டினார், கூலி வேண்டாம் என்றார். பிறகு இரண்டு விரலால் தட்டினார். மிச்சத்தைச் சொல்ல வேண்டுமா?

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். வீடுகளுக்குக் கம்பெனி நீலநிறத் தண்ணீர்த் தொட்டி கொடுத்த அன்று எடுத்தது. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணன் நிர்வாகியை நேராக வழிமறித்து, "ஓடையக் கெடுத்துட்டுத் தொட்டி குடுக்கிறீங்களே, இது என்ன நியாயம்?" என்று தமிழிலேயே கேட்டார், பிரவீன் வழக்கம்போல மொழிபெயர்த்தான். கையை நீட்டிக் குழாயைக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தில் குழாயை வெட்டிவிட்டார்கள். நீட்டிய கை மட்டும் இருக்கிறது, ஆசீர்வாதம் பண்ணுவதுபோல. உயிரோடு இருந்தவரை அவர் வாயை இவர்களால் மூட முடியவில்லை. செத்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டார்கள்!

அவர் மாரடைப்பில் போனார். அதற்குக் கம்பெனிமேல் நான் பழி போடவில்லை, அவரும் போட விடமாட்டார். செய்ததற்குப் பொறுப்பேற்றால் போதும் என்பதுதான் அவர் கட்சி.

காரியம் முடிந்து கோயில் மண்டபத்தில் இரங்கல் கூட்டம். சாப்பாட்டுச் செலவு தங்களுடையது என்று கம்பெனி தானாகவே முன்வந்தது. நான் பேச வேண்டியதையும் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். 'கம்பெனியின் நலத்திட்டங்களில் தோள்கொடுத்த நண்பர்' என்று ஒரு வரி. பிரவீன் வேறு போன் போட்டான்: "அக்கா, அந்தக் குழாய் மேட்டர் மட்டும் வேணாம்லா. பெரியவர் வர்றாரு." பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மண்டபத்தில் அண்ணனின் ஒலிபெருக்கிப் பெட்டிகள்தான் நின்றன. முன்வரிசையில் நிர்வாகி, பக்கத்தில் மலர்வளையத்தோடு பிரவீன். நான் மைக்கைக் கையில் எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். அவருடைய மைக்கில், அவர் தட்டிப் பார்க்காமல் நான் பேசியதே இல்லை.

தனம் அக்கா எழுந்து வந்தார். ஆயுசு முழுக்க இதற்காகவே அவரோடு சண்டை போட்டவர். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார், இரண்டு விரலால் தட்டினார்.

"சத்து, டுவா, தீகா." அதோடு நிறுத்தவில்லை. "குழாய எப்ப அடைக்கப் போறீங்க?"

நிர்வாகி பிரவீன் பக்கம் குனிந்து என்னவென்று கேட்டார். பிரவீன் வாயைத் திறந்தான், தனம் அக்காவைப் பார்த்தான், மூடிக்கொண்டான். நிர்வாகி என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் மைக்கை வாங்கி, ஊருக்கே கேட்கும்படி, நல்ல மலாயில், ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

முதல் முறையாக அவருக்குக் கேள்வி போய்ச் சேர்ந்தது. முகம் சிவந்தது. "பார்க்கலாம்" என்றார். இத்தனைக்கும் பிறகு, பார்க்கலாம்!

நண்பர்களே, அந்தப் படத்தைத் தயவுசெய்து பகிராதீர்கள். பகிர்ந்தே தீருவீர்களென்றால், அந்தக் கை எதைக் காட்டுகிறது என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரே கேள்வியைத்தான். வருகிற சனிக்கிழமை பீடோரில் எனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது. பேசும் முன் மைக்கை நானே சோதிப்பேன், அவர் சோதித்த மாதிரியே. மணமக்கள் வீட்டார் மன்னிக்க வேண்டும். குழாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது.