பெருமாளுக்கும் துவர்த்த பழம்

மூன்று வருஷத்துக்கு முந்தைய புரட்டாசி மாதம். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கொல்லையில் நடந்தது இது.

அதற்கு ஐந்து வருஷம் முன்பு குன்னூருக்குப் போனபோது, ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஆரஞ்சு நிறத் தக்காளி மாதிரி பெர்சிமன் பழங்கள் தொங்குவதைப் பார்த்து மயங்கிவிட்டேன். ஜப்பான் பழமாம். உடனே ஓர் ஒட்டுச்செடி வாங்கினேன். "திருச்சி வெயிலுக்கு இது காய்க்கிறது கஷ்டம்மா" என்று நர்சரிக்காரர் அப்போதே சொன்னார். ஆனால் நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். செடியை மடியில் வைத்தே ஊர் வந்து சேர்ந்தேன். மார்கழியில் அதற்குக் குளிர் போதாதே என்று ஐஸ் கட்டிகளை வேரடியில் கொட்டுவேன். "அப்படியே ஒரு கம்பளியும் போர்த்தி விடு" என்பார் என் கணவர்.

வருஷா வருஷம் இலைதான் வந்தது. அதற்குள் பெங்களூரில் இருக்கும் வீட்டுக்கார மாமாவின் மகன் கார் வாங்கிவிட, தீபாவளிக்கு அவன் வரும்போது அதை நிறுத்தக் கொல்லையில் இடம் தேவைப்பட்டது. "இந்தத் தடவை வாய்க்கு நன்னா ஒரு பழம் குடுத்தா மரம் இருக்கட்டும். இல்லேன்னா ஐப்பசி பொறந்ததும் வெட்டிடலாம்" என்றார் மாமா. நியாயம்தான். ஆனால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என்ன அதிசயமோ, அந்த வருஷமே நான்கு காய்கள் பிடித்தன. புரட்டாசியில் நிறம் மாறிப் பளபளத்தன. தேனாக இருக்கும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். பறித்ததும் ஒரு துண்டு கடித்துப் பார்த்திருப்பேன், வீட்டுக்கார மாமி விடவில்லை. முதல் பழம் பெருமாளுக்கு. அவர் அமுது செய்யும் முன் முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது.

சனிக்கிழமை பூஜை முடிந்து மாமா பழத்தை நறுக்கி, ஆளுக்கொரு துண்டு கையில் கொடுத்தார். வாயில் போட்டோம். பச்சை வாழைக்காயைத் தோலோடு மென்றது போல நாக்கு மரத்துவிட்டது. பிரசாதமாயிற்றே, துப்ப முடியுமா? நான்கு பேரும் கண் கலங்க மென்றோம். என் கணவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா விழுங்கிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். "கெட்டியா இருக்கு" என்றார், அவ்வளவுதான். மாமிதான் மெதுவாக, "ஏன்னா, பெருமாளுக்கும் இதையா குடுத்தோம்?" என்றார்.

அவமானத்தில் கொல்லைக்குப் போய் அழுதேன். மரம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். நர்சரிக்காரருக்கு போன் செய்தால் அவர் சிரித்தார். "கெட்டியாவே சாப்பிட்டீங்களா? இந்த ரகத்தைத் தொட்டா அமுங்கற வரைக்கும் வைக்கணும்மா. வாழைப்பழத்தோட அரிசிக்குள்ள போட்டு வைங்க."

மீதி மூன்றையும் அரிசி டிரம்மில் புதைத்தேன். அடுத்த சனிக்கிழமை கொழகொழவென்று கனிந்திருந்தன. எடுத்துக்கொண்டு போக எனக்குத் துணிச்சல் இல்லை. மாமியே வந்து நின்றார். "ஒரு வாரமா பெருமாளுக்கு வாய் துவர்த்துண்டு இருக்குமேன்னு எனக்கு மனசே சரியில்லே. பழுத்திருந்தா குடு."

மறுபடியும் ருசி பார்க்காமலே கொடுத்தேன். படைத்து முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமாதான் முதலில் ஸ்பூனை எடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டார், கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே இன்னொரு ஸ்பூன் எடுத்தார். மூன்றாவதுக்குக் கை போனபோது மாமி கிண்ணத்தை இழுத்துக்கொண்டார்.

அந்தத் தீபாவளிக்குக் கார் தெருவில்தான் நின்றது. நாங்கள் இப்போது திருச்சியிலேயே காட்டூருக்குக் குடி வந்துவிட்டோம். புரட்டாசி வந்தால் மாமாவே போன் செய்து, "பழம் அரிசிக்குள்ள இருக்கு, சனிக்கிழமை வந்துடுங்கோ" என்கிறார்.

அன்று அவர்கள் துப்பாமல் விழுங்கியது பிரசாதம் என்பதற்காக. ஆனால் அந்த ஒரு வாரமும் என்னைக் குத்திக் காட்டாமல் வார்த்தையையும் சேர்த்து விழுங்கினார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தத் துவர்ப்புத்தான் அதிகம் இனிக்கிறது.